கம்பைல் எரரில் கடைசி வரியை நம்பாதீர்கள்

கொட்டாஞ்சேனையில் இருக்கும் அக்காவின் மகன் ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு வாட்ஸ்அப்பில் படம் ஒன்று அனுப்பினான். லேப்டாப் திரையைப் போனால் பிடித்த படம். டியூப்லைட் வெளிச்சம் நடுவில் வெள்ளையாக விழுந்திருக்கிறது, அதில் வாசிக்க முடிந்தது கடைசி வரி மட்டும்: மேக், மூன்று நட்சத்திரம், எரர் 2. கூடவே ஒரு குரல் பதிவு. "மாமா, இவங்கள் எழுதின கோட்லயே பிழை இருக்கு போல. நான் ரெண்டு தரம் திரும்ப டவுன்லோட் பண்ணிப் பாத்திட்டன், அதே எரர்தான் வருது."

இரண்டு தரம் டவுன்லோட், அதுவும் போன் ஹொட்ஸ்பொட்டில், பகல் டேட்டாவில். எனக்கு அதுதான் முதலில் வலித்தது.

அவன் செய்ய நினைத்தது நல்ல காரியம். அவனுடைய அப்பப்பா சேர்த்து வைத்துவிட்டுப் போன பழைய சஞ்சிகைகள் ஒரு டிரங்குப்பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றை ஸ்கேன் செய்து, படத்தில் இருக்கும் எழுத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்ற டெசராக்ட் என்ற மென்பொருளைப் பிடித்திருக்கிறான். ஹெச்பி நிறுவனத்தில் 1980களில் தொடங்கி, 2005இல் திறந்த மூலமாக வெளிவந்தது அது, தமிழும் வாசிக்கும். அவனிடம் இருப்பது உபுண்டு 22.04 என்ற லினக்ஸ். அதில் ஆப்ட் என்ற நிறுவும் கருவி வழியாகக் கிடைப்பது டெசராக்ட்டின் 4ஆம் பதிப்பு, இவனுக்கு 5 வேண்டும், எனவே மூலநிரலை எடுத்துத் தானே கட்டுகிறேன் என்று இறங்கிவிட்டான். (உண்மையில் 4ஆம் பதிப்பும் தமிழ்த் தரவுப் பொதியும் அவன் வேலைக்குப் போதும். சொன்னேன். பத்தொன்பது வயதில் யார் கேட்பார்கள்.)

புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்கள் எரர் கண்டவுடன் இரண்டில் ஒன்றை நினைப்பார்கள்: கோட் பிழை, அல்லது எனக்கு இது சரிவராது. அநேகமாக இரண்டும் இல்லை. ஒரு திட்டம் வெளியிட்ட பதிப்பு என்றால் அதே நிரலை எத்தனையோ பேர் ஏற்கெனவே கட்டி ஓட வைத்துவிட்டார்கள். அவர்களுக்கும் உங்களுக்கும் இடையில் மாறியது ஒன்றே ஒன்று, உங்கள் கணினி. அதில் ஏதோ இல்லை, அல்லது இருப்பது வேறு வயதுடையது. கம்பைலர், அதாவது மூலநிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் கருவி, கத்துவது பெரும்பாலும் அதைச் சொல்லத்தான்.

முதலில் அந்தக் கடைசி வரி. "மேக்" என்பது ஒரு மேற்பார்வையாளர் மட்டும், 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. எந்தக் கோப்பை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று பார்த்துக் கம்பைலரைக் கூப்பிடும், கம்பைலர் தோற்றால் "எரர் 1", "எரர் 2" என்று எழுதிவிட்டு நிறுத்தும். ஏன் தோற்றது என்பது அதற்குத் தெரியாது. அந்த வரியைக் கூகுளில் போட்டுத் தேடினால் உலகத்தில் இருக்கிற அத்தனை பேருடைய அத்தனை பிரச்சினையும் வரும், உங்களுடையது வராது.

உண்மையான காரணம் மேலே இருக்கிறது, சில நேரம் இருபது வரி மேலே, சில நேரம் எண்ணூறு வரி. ஒரு கோப்பு கிடைக்காமல் போனால், அந்தக் கோப்பில் சொல்லியிருந்த பெயர்கள் எதுவும் கம்பைலருக்குத் தெரியாது, அந்தப் பெயர் வருகிற இடமெல்லாம் ஒரு பிழை எழுதும். காலி வீதியில் பம்பலப்பிட்டியில் ஒரு பஸ் நின்றுபோனால் வெள்ளவத்தை வரைக்கும் ஹோர்ன் சத்தம் கேட்கும், அந்தச் சத்தத்தில் ஒவ்வொன்றாகப் போய் விசாரித்துப் பயனில்லை. முதல் எரரைத் திருத்துங்கள், திரும்ப ஓட விடுங்கள், பாதிக்கு மேல் தானாகப் போய்விடும்.

முதல் எரரைப் பிடிக்க ஒரு வழி. கட்டளைகளை இங்கே வாயால் சொல்கிற மாதிரி எழுதுகிறேன், டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடியுங்கள். வெறும் மேக் என்று அடிக்காமல் "மேக் 2>&1 | டீ பில்ட்.லாக்" என்று அடிக்க வேண்டும். டீ என்பது பிளம்பர்மார் தண்ணீர்க் குழாயில் போடும் டீ மூட்டு மாதிரியேதான், ஒரு ஓட்டத்தை இரண்டாகப் பிரிக்கும்: திரையிலும் வரும், பில்ட்.லாக் கோப்பிலும் விழும். பிறகு அந்தக் கோப்பைத் திறந்து "எரர்" என்ற சொல்லோடு முக்காற்புள்ளி சேர்ந்து வரும் முதல் இடத்தைத் தேடுங்கள். அந்த வரியில் கோப்பின் பெயர், வரி எண், அந்த வரியில் எத்தனையாவது எழுத்து, பிறகு என்ன குறை, இந்த வரிசையில் இருக்கும். "வார்னிங்" என்று வருவதையெல்லாம் இப்போதைக்கு விட்டுவிடலாம். இன்னொன்று, வேகத்துக்காக மேக்கோடு "-ஜே8" என்றெல்லாம் போட்டிருந்தால் எட்டு வேலைகளின் பேச்சும் ஒன்றோடொன்று கலந்து வரும். அப்போது ஜே இல்லாமல் ஒரு தரம் ஓட விடுங்கள், முடிந்ததை விட்டுவிட்டுச் சிக்கிய இடத்திலிருந்துதான் தொடங்கும், ஒற்றைக் குரலாகச் சொல்லிவிட்டு நிற்கும்.

மருமகனுக்கும் இதையே சொன்னேன். படம் வேண்டாம், அந்தக் கோப்பை அனுப்பு என்று. பத்து நிமிடத்தில் வந்தது. அந்த லாக்கின் முதல் எரர்: "ஃபேட்டல் எரர்", ஒரு டாட்-எச் கோப்பின் பெயர், "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி".

இதுதான் புதியவர்கள் அதிகம் சந்திக்கும் எரர், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

டாட்-எச் என்பது ஹெடர் கோப்பு. வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சமையலறை இருக்கிறது, வாசலில் விலைப்பட்டியல் தொங்குகிறது. சமையலறைதான் லைப்ரரி, உண்மையில் வேலை செய்வது அதுதான். ஹெடர் என்பது அந்தப் பட்டியல்: இங்கே கொத்து கிடைக்கும், புட்டு கிடைக்கும், இப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்வதோடு சரி. ஏற்கெனவே கட்டி முடித்த மென்பொருள் பல வருட வாடிக்கையாளர் மாதிரி, அதற்குப் பட்டியல் வேண்டாம், நேரே உள்ளே சொல்லிவிடும். நீங்கள் புதிதாகக் கட்டுகிற மென்பொருள் பட்டியலைப் பார்த்துத்தான் எழுதிக்கொள்ளும்.

உபுண்டு, டெபியன் போன்றவை இந்த இரண்டையும் தனித்தனிப் பொதியாக வைத்திருக்கின்றன. சாதாரணப் பாவனையாளருக்குச் சமையலறை மட்டும் போதும் என்பதால் அதுதான் முதலிலேயே கணினியில் இருக்கும். பட்டியல் வேண்டுமென்றால் பெயரின் முடிவில் "-டெவ்" என்று இருக்கும் பொதியைப் போட வேண்டும், ஃபெடோராவில் "-டெவெல்". "ஆனா மாமா, லிப்பிஎன்ஜி ஏற்கெனவே இருக்கு எண்டுதானே காட்டுது" என்று, பிஎன்ஜி படங்களை வாசிக்கும் லைப்ரரியைப் பற்றி அவன் கேட்டதற்குப் பதில் இதுதான். இருக்கிறது, டெவ் இல்லை.

எந்தப் பொதியில் அந்த ஹெடர் இருக்கிறது என்று ஊகிக்க வேண்டாம். "ஆப்ட்-ஃபைல்" என்று ஒரு கருவி இருக்கிறது, நிறுவி, அப்டேட் செய்து, ஹெடரின் பெயரைக் கொடுத்துத் தேடினால் பொதியின் பெயரைச் சொல்லும். இதைவிடச் சோம்பேறித்தனமான வழியும் உண்டு, நான் அதிகம் பாவிப்பது அதைத்தான்: "ஆப்ட் பில்ட்-டெப்" என்று அடித்து மென்பொருளின் பொதிப் பெயரைக் கொடுத்தால், உபுண்டு தானே அந்த மென்பொருளைக் கட்டும்போது என்னவெல்லாம் வைத்துக் கட்டியதோ அத்தனையையும் இறக்கித் தரும். நீங்கள் கட்டுவது கொஞ்சம் புதிய பதிப்பானாலும் முக்கால்வாசித் தேவை அதிலேயே அடங்கிவிடும். இதற்கு ஆப்ட் அமைப்பில் மூலப்பொதிகளை, அதாவது சோர்ஸ் ரெப்போவை, இயக்கியிருக்க வேண்டும். டேட்டாவும் கொஞ்சம் இழுக்கும், நள்ளிரவுக்குப் பிறகு போடுங்கள்.

இதுவரை சொன்னது கம்பைலர் நிலை. அதற்கு முன்னாலும் பின்னாலும் நிலைகள் இருக்கின்றன, எரர் எங்கே வந்தது என்று தெரிந்தாலே பாதி வைத்தியம் முடிந்தது. பழைய முறைத் திட்டங்களில் முதலில் "கான்ஃபிகர்" என்ற ஸ்கிரிப்ட் ஓடும், சிலவற்றில் அந்த இடத்தில் சிமேக் அல்லது மெசான். உங்கள் கணினியில் என்ன இருக்கிறது என்று கணக்கெடுப்பது அதன் வேலை. பிறகு கம்பைலர் ஒவ்வொரு கோப்பாக மொழிபெயர்க்கும். பிறகு லிங்கர் எல்லாவற்றையும் சேர்த்துத் தைக்கும். அதன் பிறகு நிறுவுதல், ஓட்டுதல்.

மூலநிரல்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்திலிருந்து நேரே எடுத்த டெசராக்ட்டில் கான்ஃபிகர் கோப்பே இருக்காது. "ஆட்டோஜென்" என்ற ஸ்கிரிப்ட்டை ஓட்டினால்தான் அது பிறக்கும், அதற்கு ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல் மூன்றும் வேண்டும். இங்கே ஒரு கள்ளத்தனமான எரர் இருக்கிறது. பிகேஜி-கான்ஃபிக் என்ற சின்னக் கருவி இல்லாத கணினியில் ஆட்டோஜென் சில திட்டங்களில் முனகாமல் ஓடி முடியும், பிறகு கான்ஃபிகர் ஓட்டும்போது "சின்டாக்ஸ் எரர்" என்று வரும். பார்க்கிறவன் கோட்டில் இலக்கணப் பிழை என்றுதான் நினைப்பான். விஷயம் வேறு: பிகேஜி-கான்ஃபிக் நிரப்ப வேண்டிய ஒரு சொல் நிரப்பப்படாமல் அப்படியே ஸ்கிரிப்ட்டில் தங்கிவிட்டது. கருவியை நிறுவினால் மட்டும் போதாது, ஆட்டோஜெனையும் திரும்ப ஓட்ட வேண்டும், ஏனென்றால் கெட்டுப்போனது ஏற்கெனவே பிறந்துவிட்ட கான்ஃபிகர் கோப்பு.

கான்ஃபிகர் நின்றால் பயமில்லை, பெரும்பாலும் எதைக் காணவில்லை என்று பெயர் சொல்லி நிற்கும். இன்னும் விவரம் வேண்டுமென்றால் அதே கோப்புறையில் கான்ஃபிக்.லாக் என்று ஒரு கோப்பு கிடக்கும். எனக்குப் பயம் தருவது நிற்காத கான்ஃபிகர். மருமகன் மாட்டியதும் அதில்தான்.

படங்களைத் திறந்து வாசிக்க டெசராக்ட் நம்பியிருப்பது லெப்டானிக்கா என்ற லைப்ரரியை. உபுண்டு 22.04இல் அது ஆப்ட்டிலேயே போதுமான பதிப்பாக இருக்கிறது, ஆனால் இவன் பார்த்த பழைய யூடியூப் வீடியோவில் லெப்டானிக்காவையும் மூலத்திலிருந்து கட்டச் சொல்லியிருந்தார்கள், கட்டினான். ஒரு எரர்கூட வரவில்லை. டெசராக்ட்டும், டெவ் பொதிகள் போட்ட பிறகு, கட்டி முடிந்தது. சந்தோஷமாக ஒரு பிஎன்ஜி படத்தைக் கொடுத்தான். வந்த பதில்: "எரர் இன் பிக்ஸ்ரீட்ஸ்ட்ரீம்பிஎன்ஜி: ஃபங்ஷன் நாட் ப்ரெசென்ட்".

என்ன நடந்தது என்றால், லெப்டானிக்காவைக் கட்டிய நேரத்தில் லிப்பிஎன்ஜியின் டெவ் பொதி அவனிடம் இல்லை. லெப்டானிக்காவின் கான்ஃபிகர் பிஎன்ஜி இருக்கிறதா என்று பார்த்தது, "நோ" என்று ஒரு வரி எழுதியது, சரி பிஎன்ஜி இல்லாமலே கட்டுவோம் என்று போய்விட்டது. நூற்றுக்கணக்கான வரிகள் ஓடுகிற இடத்தில் அந்த ஒரு "நோ"வை யார் கண்டார்கள். கட்டாயமில்லாத வசதிகளைப் பல திட்டங்கள் இப்படித்தான் கையாளும், இருந்தால் சேர்க்கும், இல்லையென்றால் சத்தமில்லாமல் விட்டுவிடும். வாரக்கணக்கில் கழித்து வேறெங்கோ முகம் காட்டும்.

அதனால் கான்ஃபிகர் வெற்றியாக முடிந்தாலும் அதன் வெளியீட்டை ஒரு தரம் மேலிருந்து கீழே வாசியுங்கள். பல திட்டங்களில் கடைசியில் ஒரு சுருக்கமும் இருக்கும், எது சேர்ந்தது எது சேரவில்லை என்று. உங்களுக்கு நிச்சயம் வேண்டிய வசதி என்றால் "--வித்-" என்று தொடங்கும் தெரிவைக் கொடுத்துக் கட்டாயப்படுத்துங்கள், அப்போது கிடைக்காவிட்டால் பெரும்பாலும் அங்கேயே எரர் போட்டு நிற்கும். சத்தம் போடுகிற எரர் நல்ல எரர்.

அவன் டெவ் பொதியைப் போட்டு, லெப்டானிக்கா கோப்புறையில் "மேக் கிளீன்" செய்து, கான்ஃபிகரிலிருந்து திரும்பத் தொடங்கினான். டெசராக்ட்டைத் திரும்பக் கட்டத் தேவை இருக்கவில்லை, ஓடும்போதுதான் அது லெப்டானிக்காவைத் தேடி எடுக்கும்.

கிளீன் பற்றி ஒரு கிளைக்கதை. 2022இல் ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் மின்வெட்டு இருந்த நாட்களில், பற்றரி செத்த ஒரு லேப்டாப்பில் நான் ஒரு பெரிய திட்டத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் கரண்ட் போனது. வந்த பிறகு தொடர்ந்தேன், லிங்க் நேரத்தில் ஒரு கோப்பை அடையாளம் தெரியவில்லை என்று நின்றது. மேக் ஒரு கோப்பைத் திரும்பச் செய்ய வேண்டுமா என்று தீர்மானிப்பது அதன் நேரத்தைப் பார்த்து மட்டும்தான். பாதி எழுதிய நிலையில் செத்த கோப்பின் நேரம் மூலநிரலைவிடப் புதியது, எனவே "இது முடிந்தது" என்று நினைத்துக்கொண்டது. மேக் கிளீன், திரும்ப மேக், சரி. சிமேக் பாவிக்கும் திட்டங்களில் பில்ட் கோப்புறையை முழுதாக அழித்துவிட்டுத் தொடங்குவது அதைவிடச் சுலபம். புதிய பொதி போட்ட பிறகும் பழைய எரரே வருகிறது என்றால் அநேகமாகச் சிமேக் பழைய கணக்கெடுப்பையே நினைவில் வைத்திருக்கிறது.

லிங்கர் எரரைக் கண்டுபிடிப்பது லேசு: "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு" என்று வரும். பட்டியலில் கொத்து இருக்கிறது, உள்ளே போய்க் கேட்டால் இல்லை என்கிறார்கள். ஒன்று, அந்த லைப்ரரியைச் சேர்க்கச் சொல்லவே இல்லை, அல்லது பட்டியல் ஒரு பதிப்பு, சமையலறை வேறு பதிப்பு. ஆப்ட்டில் ஒன்று, யூஎஸ்ஆர்-லோக்கல் கோப்புறையில் கையால் கட்டியது ஒன்று என இரண்டு லெப்டானிக்கா வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். ஒன்றைத் தூக்குங்கள்.

உண்மையிலேயே கோட்டில் குறை என்று சொல்லக்கூடிய வகையும் ஒன்று உண்டு, பழைய கோட், புதிய கம்பைலர். ஜிசிசி என்ற கம்பைலரின் 10ஆம் பதிப்பு 2020இல் வந்தபோது, ஒரே மாறியைப் பல கோப்புகளில் அறிவித்திருந்த பழைய சி நிரல்கள் "மல்டிபிள் டெஃபினிஷன்" என்று விழுந்தன. 2024இல் வந்த ஜிசிசி 14, அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிடுவதை வெறும் எச்சரிக்கையாக விடாமல் எரராக்கிவிட்டது. 2025இல் சிமேக் 4, தன்னுடைய 3.5க்கு முந்திய பதிப்புகளுக்கான ஆதரவை எடுத்துவிட்டது. நேற்று வரை கட்டிக்கொண்டிருந்த திட்டம் இன்று கட்டாமல் போவது இப்படித்தான். அந்தத் திட்டத்தின் புதிய பதிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பழைய ஜிசிசி பதிப்பொன்றைப் பக்கத்தில் நிறுவி அதனால் கட்டலாம். எச்சரிக்கைகளையே எரராக எடுக்கச் சொல்லியிருப்பதால் மட்டும் நிற்கிறது என்றால் அந்தத் தெரிவை அணைத்துவிடலாம், பாவமில்லை.

"கில்ட்" என்ற சொல்லோடு "சிசி1பிளஸ்" செத்துவிட்டதாக வந்தால் ரேம் போதவில்லை, வேறொன்றும் இல்லை. 4 ஜிபி லேப்டாப்பில் குரோமையும் திறந்து வைத்துக்கொண்டு ஜே8 போட்டால் லினக்ஸ் யாரையாவது கொல்லத்தான் செய்யும். ஜே1 போடுங்கள், குரோமை மூடுங்கள், பிறகு ஆறுதலாக ஒரு நாள் யூனிட்டி பிளாசாவில் ரேம் விலை கேளுங்கள்.

கட்டும்போது சூடோ (நிர்வாகி உரிமையோடு ஓட்டும் கட்டளை) போடாதீர்கள், "மேக் இன்ஸ்டால்" மட்டும் சூடோவோடு. அதன் பிறகு "சூடோ எல்டிகான்ஃபிக்". இதை மறந்தால், எல்லாம் சரியாகக் கட்டிய பிறகும் ஓட்டும்போது பகிர்வு லைப்ரரியைத் திறக்க முடியவில்லை என்று வரும். கோப்பு இருக்கிறது, அது வந்த செய்தி கணினியின் பதிவேட்டில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

மருமகனுக்கு அதன் பிறகும் ஒரு எரர் இருந்தது, தமிழுக்கான பயிற்சித் தரவுக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று. மூலத்திலிருந்து கட்டும்போது மொழித் தரவு கூட வராது, தனியாக இறக்கி டெஸ்டேட்டா கோப்புறையில் வைக்க வேண்டும். வைத்தான். நள்ளிரவு தாண்டி முதல் பக்கம் எழுத்தாக வந்தது. பழைய அச்சு என்பதால் தும்பிக்கை போட்ட லை, ணை எல்லாம் வேறு எதுவோவாக வந்திருந்தன, மற்றபடி வாசிக்கலாம்.

இரண்டு நாள் கழித்து இன்னொரு செய்தி. பழைய எழுத்துகளைத் தானே பழக்கலாமாம், அதற்குப் பயிற்சிக் கருவிகளைத் தனியாகக் கம்பைல் பண்ண வேண்டுமாம். இந்த முறை படம் இல்லை. கான்ஃபிகர் வெளியீட்டிலிருந்து வெட்டி எடுத்த நான்கு வரி, பாங்கோ என்ற எழுத்து வரையும் லைப்ரரி கிடைக்கவில்லை, பயிற்சிக் கருவிகள் கட்டப்பட மாட்டா என்று சொல்கிற அந்த எச்சரிக்கை மட்டும். நான் பதில் எழுதத் தொடங்குவதற்குள் கீழே அடுத்த வரி வந்து விழுந்தது: "பாங்கோ டெவ் போட்டிட்டன் மாமா, ஓடுது. சும்மா காட்ட அனுப்பினன்."